மிதாலி ராஜின் ரன்கள்: 7,805-ஆ, 10,868-ஆ?

இந்திய மகளிர் கிரிக்கெட் அணியின் முன்னாள் கேப்டன் மிதாலி ராஜின் சர்வதேச ரன்களாக இந்த இரண்டு எண்களும் சொல்லப்படுகின்றன; இரண்டும் சரிதான். 7,805 என்பது ஒருநாள் போட்டிகளில் மட்டும் எடுத்தது. 10,868 மூன்று வகை ஆட்டங்களையும் கூட்டியது. கட்டுரையில் "மொத்த சர்வதேச ரன்கள்" என்று எழுதுவதானால் இரண்டாவதைப் போடுங்கள்.

அவர் பேர் வாங்கியதே ஒருநாள் ஆட்டத்தில்தான் என்பதால், பலர் அந்த எண்ணையே மொத்தம் என்று எழுதிவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்கியிருக்கும்.

நீங்களே கூட்டிப் பாருங்கள்: ஒருநாள் 7,805, டி20 2,364, டெஸ்ட் 699. ஆட்டங்கள் 232, 89, 12; ஆக 333.

டெஸ்ட் 699 தானா என்று சந்தேகப்பட வேண்டாம். 1999-ல் அயர்லாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் 114 நாட் அவுட்டுடன் தொடங்கி 2022 வரை ஆடியவருக்குக் கிடைத்ததே 12 டெஸ்ட்! அந்த 699-லும் 214 ஒரே இன்னிங்ஸில் வந்தது. 2002-ல் டான்டனில், இங்கிலாந்துக்கு எதிராக, 19 வயதில்.

அப்புறம், அந்த 214-ஐ மகளிர் டெஸ்டில் இன்றைய உலக சாதனை என்று எழுதிவிடாதீர்கள். அடித்தபோது சாதனைதான், 2004-லேயே பாகிஸ்தானின் கிரண் பலூச் 242 அடித்து முந்திவிட்டார்.