கேம் சென்டர் போட்டால் முதல் எப்போது திரும்பும்?

திருகோணமலையில் சிறு கடைகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கேம் சென்டர், அதாவது மணிக்கணக்கில் காசு வாங்கி வீடியோ கேம் விளையாட விடும் கடை, பற்றியவை. நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

உவர்மலையிலிருந்து ஒரு தம்பி: ஆறு பிளேஸ்டேஷன் வைத்துக் கடை திறக்கப் போகிறேன். டிவி, ஏசி, கதிரை, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்து 24 லட்சம். மணிக்கு 300 ரூபாய். ஒவ்வொரு மெஷினும் நாளுக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால் மாதம் 432,000 வரும். செலவு 140,000. எட்டு மாதத்தில் முதல் வந்துவிடும்தானே?

தம்பி, பெருக்கல் சரி. ஆனால் அந்த 140,000இல் உங்கள் சம்பளம் இல்லை. காலை பத்திலிருந்து இரவு பத்து வரை கடையில் நிற்கப் போவது நீங்கள். அதற்கு 60,000 போடுங்கள். வேலைக்கு வைக்கும் பையனுக்கு 45,000 சம்பளம் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் உங்கள் கையிலிருந்து போகும். அதை நீங்கள் சேர்த்திருக்கிறீர்கள், சந்தோஷம். ஆக, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் 200,000 செலவு.

அடுத்தது, மெஷின் ஓடும்போது மட்டும் வரும் செலவு: கரண்ட், கையில் பிடித்து விளையாடும் கொன்ட்ரோலரின் தேய்மானம். கொன்ட்ரோலரின் ஸ்டிக் தானாகவே ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கினால் பொடியன்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். மணிக்கு 50 ரூபாய் ஒதுக்குங்கள். மிச்சம் 250. இரண்டு லட்சத்தை 250ஆல் பிரித்தால் 800. மாதம் 800 மணித்தியாலம் விற்றால் நட்டமில்லை, லாபமும் இல்லை. உங்கள் ஆறு மெஷினும் கடை திறந்திருக்கும் பன்னிரண்டு மணித்தியாலமும் மாதம் முழுக்க ஓடினால் 2,160 மணித்தியாலம். அதில் 37 வீதம் நிரம்ப வேண்டும்.

மெஷினுக்கு நாளுக்கு எட்டு என்று நீங்கள் எழுதியிருப்பதோ மாதம் 1,440. அது எங்கிருந்து வரும்? கடந்த வருடம் நகருக்குள் ஒரு கேம் சென்டரில் விளையாட வருகிறவர்களின் பெயர் எழுதும் கொப்பியை வரி வரியாகப் பார்த்தேன். திங்கள் முதல் வியாழன் வரை, காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில் ஒரு பெயர்கூட இல்லை. டியூஷன் விட்டு ஐந்து மணி ஆனதும் எழுத்து நெருக்கமாகிறது, பக்கத்தின் ஓரத்தில்கூடப் பெயர்கள். அவை இடம் கிடைக்காமல் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனவர்களுடையவை. ஐந்து மணிக்குப் போன மணித்தியாலத்தை மறுநாள் காலை பதினொரு மணிக்கு விற்க முடியாது. சராசரி போட்டு ஏமாறாதீர்கள். ஏற்கெனவே ஓடுகிற ஒரு கடைக்கு எதிரே இரண்டு வாரம், வெவ்வேறு நேரங்களில் நின்று தலைகளை எண்ணுங்கள்.

கடை பழகிய பிறகு மாதம் 1,100 மணித்தியாலம் வருகிறது என்று வைப்போம். 800க்கு மேல் உள்ள 300இல் கிடைப்பது 75,000. 24 லட்சம் திரும்ப 32 மாதம். முதல் நான்கு மாதமும் 500 மணித்தியாலம்தான் ஓடியது என்றால், மாதம் 75,000 வீதம் 3 லட்சம் நட்டம். அதுவும் முதல்தான். 27 லட்சத்துக்கு 36 மாதம், தொடக்க நான்கையும் சேர்த்து 40 மாதம். இந்த 3 லட்சத்தை வங்கியில் வைக்காமல் திறந்த கடைகள்தான், அப்புறம் பொருட்களைப் பாதி விலைக்கு விற்கின்றன.

இன்னொன்று. பிளேஸ்டேஷனில் பிஎஸ் 4 மாடல் வந்தது 2013இல், பிஎஸ் 5 வந்தது 2020இல். அடுத்த மாடல் வருவதற்குள் முதல் திரும்பியிருக்க வேண்டும். 40 மாதம் உங்களுக்கு நீளமாகப் பட்டால் நான்கு மெஷினோடு தொடங்குங்கள்.

உப்புவெளியிலிருந்து: கடற்கரைப் பக்கம் கடை எடுக்கலாமா? வெள்ளைக்காரர் வருவார்களே.

மே முதல் செப்டெம்பர் வரை வருவார்கள். வருவது கடலுக்கும் புறாத்தீவுக்கும்தான், டிவி முன்னால் உட்கார அல்ல. வாடகை மட்டும் அவர்களை நம்பி ஏறியிருக்கும். உப்புக் காற்று மெஷினின் விசிறியையும் செருகிகளையும் அரிக்கும், திருத்தச் செலவு கூடும். வடகீழ்ப் பருவமழை கொட்டும் நவம்பர், டிசம்பரில் மாலை நேர ஆட்களும் குறைவார்கள். ஆகவே கணக்கை மாதமாகப் பார்க்காமல் வருடமாகப் பாருங்கள். மேலே சொன்ன கடை நட்டமில்லாமல் நிற்க வருடம் 9,600 மணித்தியாலம். என் யோசனை, உள்ளூர்ப் பிள்ளைகள் நடந்து வரக்கூடிய தெருவே போதும்.

கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரர்: பக்கத்தில் புதுக்கடை வந்துவிட்டது. மணிக்கு 300ஐ 200 ஆக்கட்டுமா?

அவசரப்படாதீர்கள். உங்கள் செலவும் மேலே சொன்னது போல இருந்தால், 50 ரூபாய் ஓட்டச் செலவு போக மிஞ்சுவது 150. இரண்டு லட்சத்தை 150ஆல் பிரித்தால் 1,333. அதாவது விலையை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால், நட்டமில்லாமல் நிற்கவே 800க்குப் பதில் 1,333 மணித்தியாலம் விற்க வேண்டும். மாலையில் ஏற்கெனவே இடமில்லை, அந்த 533 மணித்தியாலத்தை எங்கே வைப்பீர்கள்?

சனி, ஞாயிறு காலைக்கும் விடுமுறை நாள் காலைக்கும் மட்டும் 200 போடுங்கள். சும்மா கிடக்கும் மெஷினில் 150 வந்தாலும் வரவுதான். பள்ளிக்கூட நேரத்தில் சீருடையோடு வரும் பிள்ளையை மட்டும் தயவுசெய்து உள்ளே விடாதீர்கள். தாய் தகப்பன் ஒருமுறை கோபப்பட்டால் தெருவே வராது. நோன்பு மாதத்தில் பகல் வெறுமையாகவும் இரவு நெருக்கமாகவும் இருக்கும், திறக்கும் நேரத்தை அதற்கு மாற்றுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததிலிருந்து நகரத்துக் கடைகளும் உங்களுக்குப் போட்டிதான், அவற்றின் விலையையும் கேட்டு வையுங்கள்.

லிங்கநகரிலிருந்து ஒரு தங்கச்சி: பத்து லட்சம் கடன் எடுத்தால் கணக்கு எவ்வளவு மாறும்?

வருட வட்டி 15 வீதம், மூன்று வருடத் தவணை என்று வைப்போம். முதல் மாத வட்டி 12,500. 250 ரூபாய் மிச்சக் கணக்கில் அது 50 மணித்தியாலம். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் மாதத் தவணை ஏறக்குறைய 34,700, அது காசாகப் போகும். அதற்கு 139 மணித்தியாலம். 800 என்றிருந்தது 939 ஆகிறது, அதுவும் முதல் மாதத்திலிருந்தே. வங்கியில் ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டும் சலுகை கிடைக்குமா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். நகையை அடகு வைத்துத்தான் தொடங்க வேண்டும் என்றால், அந்தக் காசை மெஷினுக்குக் கொடுக்காமல், முன்னே சொன்ன தொடக்க மாத நட்டத்துக்கென்று தனியே வையுங்கள். நான்காவது மாதம் தேவைப்படவில்லை என்றால் நகையை அப்படியே மீட்டுவிடலாம்.