அந்தமானில் புதைபடிவம் தேடலாமா?

கேள்வி: ஜனவரியில் அந்தமானின் ஸ்வராஜ் தீவுக்கும் ஷகீத் தீவுக்கும் குடும்பத்துடன் செல்கிறோம். 12 வயது மகனுக்குப் புதைபடிவங்கள் என்றால் உயிர். அங்கே தேடினால் கிடைக்குமா? ஒன்றிரண்டை எடுத்து வரலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: இரண்டாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: எடுத்து வரக் கூடாது. அங்கே கண்ணுக்குத் தெரியும் புதைபடிவம் பவளம்தான்; பவளத் திட்டுகளை உருவாக்கும் இனங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ளன. கரையொதுங்கிய உயிரற்ற துண்டானாலும் விமான நிலையச் சோதனையில் பறிமுதல் செய்வார்கள், வழக்கும் வரலாம். இது பவளமல்ல, புதைபடிவம் என்று பையைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கே வாதாடிப் பயனில்லை.

பார்ப்பதற்கு நிறையவே இருக்கிறது. ஆனால், டைனோசர் எலும்போ, உங்களுக்குப் பக்கத்திலுள்ள அரியலூரில் கிடைக்கும் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரியோ அங்கே இராது என்பதை மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அவையெல்லாம் அழிந்து பல கோடி ஆண்டுகள் கழித்து, மயோசீன் காலம் (சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது) தொட்டுக் கடலடியில் படிந்த சேறும் சுண்ணாம்பும், இந்திய நிலத்தட்டு பர்மா தட்டுக்கு அடியில் நழுவிச் செல்வதால் மேலெழும்பி உருவானவை அத்தீவுகள். ஸ்வராஜ் தீவின் பாறைகளில் இருப்பவை பெரும்பாலும் நுண்ணோக்கிக்கு மட்டுமே புலப்படும் ஃபொராமினிஃபெரா, ரேடியோலேரியா என்ற ஒருசெல் கடலுயிரிகளின் ஓடுகள். சிறுவனுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

ஆகவே, ஷகீத் தீவின் லட்சுமண்பூர் கரைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அங்கே குடியேறிய வங்காளிகள் ஹவுரா பாலம் என்றே பெயரிட்டுவிட்ட இயற்கைப் பாறை வளைவை, கடல் நீர் வற்றும் வேளையில்தான் நெருங்க முடியும் என்பதால், விடுதியில் நேரம் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ் ஒன்று போதும். கரையோரப் பாறையில் பவளம் பதிந்த இடத்தில் லென்ஸை வைத்தால், சிறு குழிகளுக்குள் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஓடும் மெல்லிய தகடுகள் நட்சத்திரம் போல் தெரியும். அண்மையில் இறந்த பவளம் வெளுத்து, எடை குறைந்து, குழிகள் திறந்தே இருக்கும். புதைபடிவத்தில் பெரும்பாலும் கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகம் குழிகளை அடைத்து, நிறம் மங்கி, சுற்றியுள்ள பாறையோடு ஒன்றாய் இறுகியிருக்கும். அருகே ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுத்தால் அளவு விளங்கும்.

சுத்தியல் வேண்டாம், ரப்பர் அடியுள்ள காலணி கட்டாயம் வேண்டும். பாறைக் குட்டைகளில் உயிருள்ள பவளம் இருப்பதால், கால் வைக்குமுன் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். ஊர் திரும்பியதும், அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அந்தப் படங்களுடன் அவனை அழைத்துச் சென்றால், இரண்டு காலத்துக் கடல்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பான்.