எதிரியிடம் பேசுவது

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவும் சீனாவும் மோதினால் இந்தியா யார் பக்கம் நிற்க வேண்டும்? எதிரியோடு பேசிக்கொண்டே இருப்பது கோழைத்தனம் இல்லையா? ஒரு தடவை மோதிப் பார்த்தால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று தோன்றுகிறது.

வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாக இதே நினைப்பில் இருக்கிறேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். யார் பக்கம் என்பதை அன்றைக்கு ஆள்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் ‘மோதிப் பார்த்தால் தெளிவாகிவிடும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அணுகுண்டு வைத்திருக்கும் இரண்டு நாடுகளைப் பற்றி இப்படி எழுதக் கை கூசவில்லையா?

நான் குளச்சல் பக்கம் கடற்கரையில் வளர்ந்தவன். எங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் தீராத பகை. வலை எரிந்தது, வள்ளம் உடைந்தது, பெண் கொடுப்பதும் எடுப்பதும் நின்றுபோனது. ஆனால் ராத்திரிக் கடலில் வலை மேல் வலை விழுந்தால் இரண்டு வள்ளக்காரர்களும் குரல் கொடுத்துச் சிக்கலை எடுத்துவிட்டுத்தான் விலகுவார்கள். பக்கத்து வீட்டுத் தாத்தா சொல்வார்: “கரையில மிண்டாம இருக்கலாம் மக்கா. கடல்ல மிண்டாம இருந்தா ரெண்டு பேரும் சாவோம்.” மிண்டாமல் என்றால் பேசாமல்.

வல்லரசுகள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. 1967 மே மாதம் ஜப்பான் கடலில் ‘வாக்கர்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் அடுத்தடுத்து இரண்டு நாள் சோவியத் கப்பல்களோடு உரசியது. அதுபோன்ற உரசல்களின் முடிவில் 1972 மே 25 அன்று மாஸ்கோவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. எதிரிக் கப்பல் மீது பீரங்கியைத் திருப்பிப் பாசாங்குத் தாக்குதல் நடத்தக் கூடாது. கப்பலை ஓட்டும் மேடையில் தேடுவிளக்கு அடித்து மாலுமியின் கண்ணை மறைக்கக் கூடாது. இரு கடற்படைகளும் ஆண்டுதோறும் உட்கார்ந்து பேச வேண்டும். நட்பு வளர்ந்து அவர்கள் இதைச் செய்யவில்லை, தம்பி. அதே மே மாதத்தில்தான் அமெரிக்கா, சோவியத் ஆதரவோடு போரிட்ட வட வியட்நாமின் ஹைஃபாங் துறைமுகத்தில் கண்ணிவெடிகளைப் போட்டது. 1979-இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பிறகும் அந்த ஒப்பந்தத்தை யாரும் கிழித்தெறியவில்லை. பகை குறையாமலேயே விபத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2022 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் அன்றைய தலைவர் நான்சி பெலோசி, சீனா தனதென்று சொல்லும் தைவானுக்குப் போனதும் சீனா அமெரிக்காவோடு தளபதிகள் மட்டத்துப் பேச்சை ரத்து செய்தது. 2023 பிப்ரவரியில் அமெரிக்க வானில் பறந்த சீன பலூனை அமெரிக்கா சுட்டு வீழ்த்திய அன்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் பேசக் கேட்டார், பெய்ஜிங் மறுத்தது. அந்த நவம்பரில் அன்றைய அமெரிக்க அதிபர் பைடனும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்த பிறகே பேச்சைத் திரும்பத் தொடங்க ஒப்புக்கொண்டார்கள். நடுவில் ஒரு விமானி கை பிசகியிருந்தால்? 2001 ஏப்ரலில் சீனாவின் ஹைனான் தீவு அருகே அப்படித்தான் ஓர் அமெரிக்க உளவு விமானமும் ஒரு சீனப் போர் விமானமும் மோதி, சீன விமானி இறந்தார். அமெரிக்க விமானத்தில் இருந்த 24 பேர் 11 நாள் சீனாவின் பிடியில் இருந்தார்கள்.

உங்கள் வயதில் ரத்தம் சூடாக இருக்கும், எனக்குத் தெரியும். வீரம் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதை நானும் மதிக்கிறேன். 2020 ஜூனில் கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகும் நம் தளபதிகள் சீனத் தளபதிகளின் எதிரே போய் உட்கார்ந்து, சுற்றுச் சுற்றாகப் பேசினார்கள். ரோந்து பற்றிய உடன்பாடு 2024 அக்டோபரில்தான் வந்தது. அவர்களைக் கோழைகள் என்று சொல்வீர்களா?