பொன்னாடைச் செய்திகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் பழைய மாணவன். படித்து முடித்து முப்பது வருடம் ஆகிறது. எங்கள் பழைய மாணவர் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தி மடல் ஒன்று கொண்டுவருகிறது. அதற்கு நான்தான் பொறுப்பு. போன மாதம் ஒரு கட்டுரையில் போகிற போக்கில், "மருத்துவக் கல்லூரி மலர்கள் கல்யாண ஆல்பம் மாதிரி, படத்தில் இருப்பவர்கள் மட்டும்தான் புரட்டுவார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் வலித்தது. எங்கள் மாணவி பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம் வாங்கினால் அது செய்தி இல்லையா? எங்கள் ஜூனியர் ஒருவர் லண்டனில் எஃப்ஆர்சிஎஸ் முடித்தால் நாங்கள் சந்தோஷப்படக் கூடாதா? பெரும்பாலும் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகள். கடைசி மூன்று மடல்களை இணைத்திருக்கிறேன். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன போடுவீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டாக்டர்,

கல்யாண ஆல்பம் என்றது என் வாய்க்கொழுப்பு. அந்தத் தங்கப் பதக்கப் பெண்ணின் வீட்டில் உங்கள் மடலின் அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பார்கள். அதைப் போடாதீர்கள் என்று சொல்ல நான் யார்? தாராளமாகப் போடுங்கள்.

ஆனால் மூன்று மடல்களையும் முழுக்கப் படித்தேன், கேட்டதற்காகச் சொல்கிறேன். படங்களில் பாதிக்கு மேல் யாரோ யாருக்கோ பொன்னாடை போர்த்துகிறார்கள். இரண்டாவது மடலின் ஐந்தாம் பக்கத்தில் ஒரு செய்தி: 'தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிப்பது குறித்த ஆய்வுக்காக எங்கள் பிஜி மாணவர் மாநில மாநாட்டில் முதல் பரிசு பெற்றார்.' கோப்பையைக் கொடுத்தவர் பெயர் இருக்கிறது, அவர் வகிக்கும் பதவிகள் மூன்று வரிக்கு இருக்கின்றன, வாழ்த்தியவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். ஆய்வில் என்ன தெரிந்தது என்பது மட்டும் இல்லை. எனக்கு அதில் சொந்த அக்கறை உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

நம் கல்லூரிகளில் 'முதல்' என்ற சொல்லுக்குத் தனி மவுசு. சென்னை மருத்துவக் கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1835ல் தொடங்கியது. 1875ல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1912ல் முத்துலட்சுமி ரெட்டி அங்கே பட்டம் பெற்றார். இந்த மாதிரி 'முதல்'களைத் தொகுத்தாலே இரண்டு மடல் நிரம்பிவிடும். அதே கல்லூரியில் நடந்த ஒரு சம்பவத்தை நான் எழுதுவதாக இருந்தால் எப்படி எழுதுவேன் என்று காட்டுகிறேன்.

1985ன் கடைசி. மைக்ரோபயாலஜி பிஜி மாணவி நிர்மலா செல்லப்பன் தீசிஸுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தார். பேராசிரியர் சுனிதி சாலமன் எய்ட்ஸ் பரிசோதனையைச் செய்து பார்க்கச் சொன்னார். அப்போது எய்ட்ஸ் என்றால் அமெரிக்காக்காரர்களின் வியாதி, நம் ஊர் ஒழுக்கத்தில் அதெல்லாம் வராது என்று பத்திரிகைகளே எழுதிக்கொண்டிருந்தன. மும்பையில் எடுத்து புனேவில் சோதித்த மாதிரிகளிலும் ஒன்றும் தட்டுப்படவில்லை. நிர்மலாவுக்கே தயக்கம்தான். இல்லாத ஒன்றைத் தேடி தீசிஸ் எழுதினால் கையில் என்ன மிஞ்சும்?

யாருடைய ரத்தத்தை எடுப்பது என்பது அடுத்த சிக்கல். மும்பையில் இருப்பது போலச் சென்னையில் சிவப்பு விளக்குப் பகுதி கிடையாது. ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் பால்வினை நோய் சிகிச்சைக்கு வரும் பெண்களோடு பழகிப் பார்த்தார். அவர்களுடைய சீட்டுகளில் பலவற்றில் 'வி ஹோம்' என்று ஒரு குறிப்பு இருந்தது. என்ன என்று விசாரித்தார். விஜிலன்ஸ் ஹோம். போலீஸ் பிடிக்கும் பெண்களை அடைத்து வைக்கும் இடம். எத்தனையோ டாக்டர்கள் கையில் போய் வந்த சீட்டுகள்தான் அவை. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் அந்த இரண்டு சொல்தான்.

தினமும் கணவர் நிர்மலாவை ஸ்கூட்டரில் அந்த ஹோமுக்குக் கொண்டுபோய் விடுவார். கையுறை இல்லை, பாதுகாப்புச் சாதனம் என்று எதுவும் இல்லை. மூன்று மாதத்தில் எண்பது பேருக்கு மேல் ரத்தம் எடுத்தார். சாலமன் அதிலிருந்து சீரம் என்ற தெளிந்த நீரைப் பிரித்துக் கொடுத்தார். வைக்க வசதியான இடம் கிடையாது. நிர்மலாவின் வீட்டு ஃபிரிட்ஜில்தான் வைத்தார்கள். தோசை மாவுக்குப் பக்கத்தில் என்று சேர்க்க எனக்குக் கை அரிக்கிறது, ஆனால் அது என் கற்பனை.

ரத்தத்தில் எய்ட்ஸ் கிருமியின் தடயம் இருக்கிறதா என்று பார்க்கும் எலைசா பரிசோதனைக்குச் சென்னையில் வசதி இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சிஎம்சி) ஜேக்கப் ஜான் அதற்கென்று ஒரு மையம் தொடங்கியிருந்தார். 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியோடு கணவனும் மனைவியும் ராத்திரி ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் போனார்கள். காலையில் வேலை தொடங்கியது. நடுவில் கரண்ட் போனது. சரி என்று டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து ஜார்ஜ் பாபு என்ற இளம் டாக்டர் சோதனைத் தட்டின் மூடியைத் திறந்து பார்த்தவர் உடனே மூடிவிட்டார். அதற்குள் நிர்மலா பார்த்துவிட்டார். தட்டின் ஆறு குழிகளில் மஞ்சள். அதாவது ஆறு பேரின் ரத்தத்தில் எய்ட்ஸ் கிருமியின் தடயம்.

அமெரிக்காவுக்கு எடுத்துப்போய் உறுதி செய்து, விஷயம் தில்லி வரை போய், மே மாதம் தமிழகச் சட்டசபையில் சுகாதார அமைச்சர் ஹண்டே அறிவித்தார். அப்புறம்தான் ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. நிர்மலா என்ன செய்தார்? தீசிஸை முடித்தார், 1987ல் சமர்ப்பித்தார், பரீட்சை எழுதினார், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலைக்குச் சேர்ந்தார், 2010ல் ஓய்வு பெற்றார். சாலமன் அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க எய்ட்ஸ் நோயாளிகளோடு இருந்தார். இறந்த பிறகு 2017ல் பத்மஸ்ரீ வந்தது.

உங்கள் மடலில் இந்த விஷயம் எப்படி வந்திருக்கும்? 'எங்கள் கல்லூரிப் பேராசிரியைக்குப் பத்மஸ்ரீ.' ஒரு படம், ஒரு பொன்னாடை. ஸ்கூட்டர் இருக்காது, ஃபிரிட்ஜ் இருக்காது, 'வி ஹோம்' இருக்கவே இருக்காது.

அந்த ஆறு பெண்களும் இருக்க மாட்டார்கள். எதற்கு ரத்தம் எடுக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. வழக்கமான பால்வினை நோய்ப் பரிசோதனை என்றே நினைத்தார்கள், நிர்மலாவும் சொல்லவில்லை. சொன்னாலும் புரிந்திருக்காது என்று பின்னாளில் பேட்டியில் சொன்னார். இன்றைக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியும் இதற்குக் கையெழுத்துப் போடாது. நான் நிர்மலாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை, காலம் அப்படி இருந்தது. ஆனாலும் அடைத்து வைக்கப்பட்டவர்களின் கையை நீட்டச் சொல்லி எடுத்த ரத்தத்தில்தான் இந்தியாவின் எய்ட்ஸ் மருத்துவம் தொடங்கியது. ஒரு கல்லூரி தன் சாதனையை எழுதும்போது இந்த வரியையும் சேர்த்து எழுதினால் எனக்கு அந்தக் கல்லூரி மேல் மரியாதை கூடும்.

பழைய கதை வேண்டாம், அண்மைச் செய்திதான் வேண்டும் என்பீர்கள். அதே வேலூரில் இருந்தே எடுக்கிறேன். 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் சிஎம்சி குழுவின் கட்டுரை ஒன்று வந்தது. தீவிரமான ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐந்து பேர். ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் 8 அவர்கள் உடலில் இல்லை. லேசாக இடித்துக்கொண்டாலே முட்டிக்குள் ரத்தம் கசிந்து கால் வீங்கும். அவர்களிடமிருந்தே ரத்த அணுக்களை உண்டாக்கும் தாய்ச் செல்களை, அதாவது ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, தீங்கு நீக்கிய ஒரு வைரஸின் முதுகில் ஃபேக்டர் 8ஐ உண்டாக்கும் மரபணுவை ஏற்றி அந்தச் செல்களுக்குள் அனுப்பி, மறுபடி அவர்கள் உடம்புக்கே ஏற்றினார்கள். ஐந்து பேரையும் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதம். அதில் ரத்தக்கசிவு பூஜ்யம்.

சர்வதேச இதழில் இடம் என்று இதையும் பெட்டிச் செய்தியாகப் போட்டுவிடலாம். நானாக இருந்தால் அந்த ஐந்து பேரில் ஒருவரைத் தேடிப் போய், அவர் விருப்பப்பட்டால், பெயர் போடாமல், ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதுவேன்: இப்போது என்ன செய்கிறீர்கள், முன்பு செய்யாமல் இருந்தது? சைக்கிள் ஓட்டுகிறேன் என்று சொன்னால் அதுதான் தலைப்பு.

சரி, சீழ் விஷயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். மூன்றாம் நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் தையலில் சீழ். தினமும் காலையில் டிரெஸ்ஸிங் செய்ய ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண் வருவார். இருபத்து மூன்று வயது இருக்கும். கோட் பையில் எட்டாக மடித்த ஒரு தாள். துணியைப் பிரிக்கும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டு உத்தரத்தைப் பார்ப்பேன். ஒருநாள் சம்பந்தமில்லாமல் கேட்டார்.

"சார், ஆபரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரி ஷேவ் பண்ணிவிட்டாங்களா?"

ஆமாம் என்றேன்.

"பிளேடா?"

பிளேடுதான். அந்தத் தாளை விரித்து என் கட்டில் எண்ணுக்கு நேராக ஒரு கோடு போட்டார். அந்த வரிசையில் ஏற்கெனவே நான்கு கோடு இருந்தது. பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விட்டுவிட்டுப் போகும், ராத்திரி முழுக்க அதில் கிருமி பெருகும் என்று எனக்கு விளக்கினார். தேவையிருந்தால் மட்டும், அதுவும் கிளிப்பரால்தான் முடியை எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016லேயே சொல்லிவிட்டது என்பதைப் பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். "உங்க சீஃப் கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். "கோடு இன்னும் கொஞ்சம் சேரட்டும் சார்."

அதற்குள் என்னை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். அவர் எங்கே போனார், அந்தத் தாள் என்ன ஆனது, தெரியாது.

அதனால்தான் உங்கள் ஐந்தாம் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். பரிசு வாங்கிய அந்த பிஜி மாணவர் எத்தனை பேரைப் பார்த்தார்? பிளேடைப் பற்றி ஏதாவது கண்டுபிடித்தாரா, இல்லை வேறு காரணமா? உங்கள் ஆஸ்பத்திரியில் அதற்குப் பிறகு ஏதாவது மாற்றினார்களா? அடுத்த மடலில் அரைப் பக்கம் ஒதுக்கி எழுதச் சொல்லுங்கள். கோப்பை படத்தையும் பக்கத்திலேயே போடுங்கள், பரவாயில்லை. எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், எனக்கு வயிற்றின் அடுத்த பக்கத்திலும் குடலிறக்கம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.