ஹேலோவும் பார்வையாளரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கார் பந்தயம் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில், ஓட்டுநரின் தலையைக் காக்கக் காக்பிட்டுக்கு மேல் பொருத்தும் சட்டமான ஹேலோவை, இந்த விளையாட்டுக்குக் கிடைத்த கொடை என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

எனக்கு அறுபத்தொரு வயது. சிறுவனாக இருந்தபோது அப்பா என்னைச் சோழவரம் விமானதளத்துக்கு பந்தயம் பார்க்க அழைத்துப்போவார். ஓட்டுகிறவரின் தோள், ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டும் கை எல்லாம் கண்ணெதிரே தெரியும். இன்று ஃபார்முலா ஒன் பார்த்தால் ஒரு கூண்டுதான் ஓடுகிறது. உள்ளே இருப்பவர் யார் என்று ஹெல்மெட்டை வைத்துக்கூட அடையாளம் காண முடிவதில்லை. பெரிய விபத்து நடந்தாலும் இறங்கி நடந்து போய்விடுகிறார்கள். கீழே வலை கட்டிவிட்டுக் கம்பிமேல் நடப்பதை எத்தனை நேரம் பார்ப்பது? 2024 மொனாக்கோ பந்தயத்தில் நான் தூங்கியே விட்டேன். ஓட்டுநர்கள் சாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்க்கிறவனுக்கு என்ன மிச்சம் வைத்திருக்கிறார்கள்?

இன்னொரு கேள்வி. என் பேத்திக்குப் பதினொரு வயது. இங்கே கார்ட் என்னும் சிறு பந்தய வண்டியை ஓட்டப் பழகுகிறாள். அவளுக்கு ஹான்ஸ் என்ற கழுத்துக் காப்பு வாங்க வேண்டுமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொல்லும் இழப்பு உண்மையானது. ஒரு மனிதர் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது பெரிய இன்பம். குயவர் கையைப் பார்ப்பதுபோல, தவில்காரரின் தோளைப் பார்ப்பதுபோல. அது பந்தயத்திலிருந்து போய்விட்டது என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதைக் கொண்டுபோனது ஹேலோ அல்ல. 1994-ல் இத்தாலியின் இமோலாவில் ராட்சன்பெர்கர், செனா என்ற இரண்டு ஓட்டுநர்கள் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். அதன்பின் வந்த மாற்றங்களின் தொடர்ச்சியாக 1996-ல் ஓட்டுநர் உட்காரும் காக்பிட்டின் பக்கச் சுவர்களை உயர்த்தினார்கள், தலையைச் சுற்றி மெத்தை வைத்தார்கள். தோளும் கையும் அன்றே மறைந்துவிட்டன. 2018-ல் ஹேலோ வந்தபோது மறைப்பதற்கு மிச்சமிருந்தது பாதி ஹெல்மெட்தான்.

உங்கள் கம்பியும் வலையும் என்ற உவமையை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. வலை கட்டியதால் கம்பி அகலமாகிவிடுவதில்லை. நடப்பவர் அதே மெல்லிய கம்பிமேல்தான் நடக்கிறார். கால் பிசகினால் விழுகிறார், ஆட்டம் போய்விடுகிறது. ஹேலோ அப்படிப்பட்ட வலை. ஏழு கிலோ எடையுள்ள டைட்டானியச் சட்டம், பன்னிரண்டு டன் பாரத்தைத் தாங்கும். ஒரு வளைவை நூலிழை வேகமாக எடுக்கக்கூட அது ஓட்டுநருக்கு உதவாது. தவறு செய்தால் அந்தத் தவறை மன்னிக்கவும் செய்யாது. கார் நொறுங்கும், பந்தயம் முடியும், புள்ளிகள் போகும். தலை மட்டும் மிஞ்சும்.

2020 நவம்பர் 29-ஆம் தேதி நீங்களும் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். பஹ்ரைனில் பந்தயம் தொடங்கியபோது நமக்கு இரவு எட்டு மணி ஆகவில்லை. முதல் சுற்றிலேயே ரொமான் க்ரோஷானின் ஹாஸ் கார் இன்னொரு காரில் பட்டு வலப்பக்கம் திரும்பி, மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் இரும்புத் தடுப்புக்குள் புகுந்தது. அடி 67 ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல 67 மடங்கு. கார் இரண்டாகப் பிளந்து, முன்பாதி தடுப்பின் தகடுகளுக்கு நடுவே செருகிக்கொண்டது. எங்கள் திரையில் தெரிந்தது தீ மட்டும்தான். மறுஒளிபரப்பு வரவில்லை. பந்தயம் பார்த்துப் பழகியவர்களுக்கு அதன் பொருள் தெரியும்: ஓட்டுநர் எப்படி இருக்கிறார் என்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை.

அந்த நேரத்தில் நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தேன். திரையைப் பார்க்கவும் முடியவில்லை, திரும்பிக்கொள்ளவும் முடியவில்லை. 28 நொடிக்குள் அவர் தீயிலிருந்து வெளியே வந்தார் என்று பிறகு சொன்னார்கள். ஒரு காலில் ஷூ இல்லை. கைகள் வெந்திருந்தன. பின்னாலேயே வந்த மெடிக்கல் காரின் டாக்டர் இயன் ராபர்ட்ஸ் அவரைத் தடுப்பு தாண்டப் பிடித்துக்கொண்டார். தலைக்கு நேராக இருந்த தகட்டை விலக்கியது ஹேலோ. சில ஆண்டுகளுக்கு முன் அதை வேண்டாம் என்றவர்களில் க்ரோஷானும் ஒருவர். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அதைத் தானே சொல்லி, ஃபார்முலா ஒன்னுக்கு வந்தவற்றில் இதுதான் ஆகச் சிறந்தது என்றார்.

ஆபத்துதான் இந்த விளையாட்டின் ஈர்ப்பு என்றால், அந்த நொடிகள் நான் பந்தயத்தில் கண்ட உச்சமாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை, எஸ். அவை நான் பந்தயமே பார்க்காத நொடிகள். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து மறுபடி தொடங்கினார்கள். லான்ஸ் ஸ்ட்ரோலின் கார் தலைகுப்புறக் கவிழ்ந்தது, அவரும் ஹேலோவுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார். அன்று மீதிப் பந்தயத்தை நாங்கள் உட்கார்ந்து பார்த்தோம். க்ரோஷான் பிழைத்துவிட்டார் என்று தெரிந்ததால் பார்க்க முடிந்தது. இமோலாவிலும் செனா மோதியபின் பந்தயத்தை மறுபடி நடத்தி முடித்தார்கள். ஷூமாக்கர் வென்றார். அந்த வெற்றியைப் பற்றி யாராவது ஆசையாகப் பேசி நான் கேட்டதில்லை.

இறங்கி நடந்து போய்விடுகிறார்கள் என்று குறைபோல எழுதியிருக்கிறீர்கள். 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது அஜித்குமாரின் போர்ஷே தடுப்பில் மோதிச் சுழன்ற காணொளியைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்கள் குறைவு. அது மூடிய கார், அங்கே ஹேலோ இல்லை. காருக்குள் ரோல் கேஜ் என்ற இரும்புக் கூண்டும் பெல்ட்டும் ஹான்ஸும் இருந்தன. அவர் இறங்கி நடந்ததைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அதைப் பார்த்த எவருக்கும் பந்தயத்தின்மேல் ஆர்வம் குறையவில்லை. கூடியது.

அப்படியானால் உங்களைத் தூங்கவைத்தது எது? உங்கள் சலிப்பு நியாயமானது, அதனால்தான் அதன் காரணத்தைச் சரியான இடத்தில் தேட வேண்டும் என்கிறேன். 2024 மொனாக்கோவில் முதல் பத்து இடங்களில் கிளம்பியவர்கள் அதே வரிசையில் முடித்தார்கள். ஃபார்முலா ஒன் வரலாற்றில் அதுவரை நடக்காத விஷயம். முதல் சுற்று விபத்தில் சிவப்புக் கொடி காட்டியதும் நிறுத்தியிருந்த நேரத்திலேயே டயர் மாற்றிக்கொண்டார்கள். அதன்பின் யாரும் டயர் மாற்றப் பிட்டுக்குள் வரத் தேவையில்லாமல் போனது. அன்றைய கார்களோ இரண்டு மீட்டர் அகலம். 2009-ல் ஓட்டுநரோடு சேர்த்து 605 கிலோ இருந்த குறைந்தபட்ச எடை, 2022-ல் 798 கிலோ ஆகியிருந்தது. மொனாக்கோ தெருவில் இதை வைத்துக்கொண்டு எப்படி முந்துவது? எடை கூடியதில் பாதுகாப்புக்கும் ஒரு பங்கு உண்டுதான், ஹைபிரிட் எஞ்சினும் பேட்டரியும் நீண்ட உடலும் பெரிய சக்கரங்களும் சேர்ந்துதான் அந்தக் கணக்கு. ஹேலோவின் பங்கு அதில் சில கிலோ.

நீங்கள் தூங்கிய அந்தப் பந்தயத்தை வென்றவர் சார்ல் லெக்லேர். சொந்த ஊரில் முதல் வெற்றி. கடைசிச் சுற்றுகளில் இறந்துபோன அப்பாவை நினைத்துக் கண்ணீர் வந்து பாதை சரியாகத் தெரியவில்லை என்று பிறகு சொன்னார். 2018-ல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் முதல் வளைவிலேயே அலோன்சோவின் கார் அவர் தலைக்கு மேலே பறந்து போனது. ஹேலோவில் டயர் தேய்ந்த தடம் இருந்தது. அது இல்லாவிட்டால் அந்தக் காரின் முன்சிறகு அவருடைய ஹெல்மெட்டின் வைசரில் பட்டிருக்க வாய்ப்புண்டு என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். ஹேலோ கட்டாயமான முதல் ஆண்டு அது.

உண்மையில் கம்பியை அகலமாக்கியது வேறொன்று. வளைவுகளுக்கு வெளியே சரளையை எடுத்துவிட்டுத் தார் போட்டார்கள். வேகமாக வந்து தடத்தின் விளிம்புக் கோட்டைத் தாண்டிப் போனவர் ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்துவிடலாம். தவறுக்கு விலையே இல்லாமல் போனது. விளைவைப் பாருங்கள்: 2023 ஆஸ்திரியப் பந்தயத்தில் கோடு தாண்டியதாக ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட சந்தேகங்கள் எழுந்தன. பந்தயம் முடிந்து பல மணி நேரம் கழித்து முடிவுகளை மாற்றினார்கள். எனக்கு அதுதான் பார்வையாளருக்குச் செய்த அநியாயம். நாம் கண்ணால் பார்த்தது நடந்ததா இல்லையா என்று அறைக்குள் உட்கார்ந்து யாரோ எண்ணிச் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அந்த விளிம்பில் மெல்லிய சரளைப் பட்டை ஒன்றைப் போட்டார்கள். பிரச்சினை கிட்டத்தட்டக் காணாமல் போனது. சக்கரம் சரளையில் இறங்கினால் நேரம் போகும், காரின் அடிப்பாகம் அடிபடும், ஓட்டுநருக்கு ஒரு கீறலும் விழாது. எல்லா வளைவிலும் இதைச் செய்துவிட முடியாது. மிக வேகமான இடங்களில், அதிலும் மோட்டார் சைக்கிள்களும் ஓடும் தடங்களில் தாரே பாதுகாப்பு. செய்யக்கூடிய இடங்களில் செய்யட்டும் என்று நானும் உங்களோடு சேர்ந்து குரல் கொடுக்கிறேன்.

ஹேலோவை எதிர்த்தவர்கள் சாமானியர்கள் அல்ல. 1976-ல் நூர்பர்க்ரிங்கில் தீயில் வெந்து ஆறே வாரத்தில் திரும்பி வந்த உலகச் சாம்பியன் நிக்கி லவுடாவே, இது ஃபார்முலா காரின் இயல்பைக் கெடுக்கிறது என்றார். அவருக்கு விபத்தைப் பற்றி நான் பாடம் எடுக்க முடியாது. ஆனால் 2009 ஜூலையில் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச் பந்தயத்தில், வேறொரு காரிலிருந்து கழன்று துள்ளி வந்த சக்கரம் தலையில் பட்டு ஹென்றி சர்டீஸ் இறந்தபோது அந்தப் பையனுக்குப் பதினெட்டு வயது. 1964 உலகச் சாம்பியன் ஜான் சர்டீஸின் மகன். அவன் எந்தத் தவறும் செய்யவில்லை. அவன் திறமைக்கும் அந்தச் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அப்படி ஒரு சாவில் பார்ப்பவர்களுக்கு என்ன இருக்கிறது?

இந்த வாதம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பழையது. 1966-ல் ஸ்பாவில் மழையில் சறுக்கி விழுந்த ஜாக்கி ஸ்டீவர்ட், வளைந்த காருக்குள் பெட்ரோலில் நனைந்தபடி இருபத்தைந்து நிமிடம் சிக்கிக்கிடந்தார். ஸ்டியரிங்கைக் கழற்றினால்தான் வெளியே எடுக்க முடியும். கழற்ற ஸ்பேனர் இல்லை. அதே மழையில் சறுக்கியிருந்த கிரகாம் ஹில்லும் பாப் பாண்டுரன்டும் ஓடிவந்து, வேடிக்கை பார்க்க வந்திருந்த ஒருவரின் காரிலிருந்து ஸ்பேனர் வாங்கிக் கழற்றினார்கள். பிறகு ஸ்டீவர்ட் தன் ஸ்டியரிங்கிலேயே ஒரு ஸ்பேனரை ஒட்டிவைத்துக்கொண்டு ஓட்டினார். தடுப்பு வேண்டும், மருத்துவர் வேண்டும், பெல்ட் வேண்டும் என்று கேட்டதற்காக அவரைக் கோழை என்றவர்களும், பந்தயத்தின் அழகைக் கெடுக்கிறார் என்றவர்களும் இருந்தார்கள். எனக்கு அந்த ஸ்பேனர் கொடுத்த ஆளைத்தான் அடிக்கடி நினைக்கத் தோன்றுகிறது. பந்தயம் பார்க்க டிக்கெட் வாங்கி வந்தவர். தன் டூல் பெட்டியைத் திறந்து கொடுத்தவர்.

உங்கள் பேத்திக்கு ஹான்ஸ் வேண்டாம். அதன் கழுத்துப்பட்டை தோள்மேல் உட்காரும், சீட் பெல்ட்தான் அதை அழுத்திப் பிடிக்கும், அதிலிருந்து வரும் வார்கள் ஹெல்மெட்டைப் பிடித்துத் தலை முன்னால் வீசப்படாமல் காக்கும். கார்ட்டில் பெல்ட்டே கிடையாது. மேலே கூண்டு இல்லாத வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் அதோடு கட்டுண்டு கிடக்கக்கூடாது என்பதால் அப்படி. பெல்ட் இல்லாமல் ஹான்ஸ் வேலை செய்யாது.

அவளுக்கு வேண்டியது விலாவைச் சுற்றிக் கட்டும் காப்பு. கார்ட் சீட்டின் ஓரம் குழந்தைகளின் விலாவில்தான் இடிக்கும். கையுறை, கணுக்கால் மூடும் ஷூ. சிறுவர்களுக்கென்றே செய்த எடை குறைந்த ஹெல்மெட் வாங்குங்கள், வளர்ந்த பிறகும் ஆகட்டும் என்று பெரிய அளவில் வாங்கிவிடாதீர்கள். தலைமுடி நீளம் என்றால் சடையைப் பின்னி, உடையின் கழுத்துக்குள் முழுதாகச் செருகிவிட்டுத்தான் உட்கார வேண்டும். சீட்டுக்குப் பின்னால் அச்சும் செயினும் திறந்தபடி சுழன்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.