கணவர் தோஹாவில், போர் டிவியில்: வீட்டை எப்படி நடத்துவது?

கேள்வி: என் கணவர் தோஹாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் எலக்ட்ரீஷியன். மேற்காசியாவில் சண்டை என்று செய்தி வர ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டில் டிவியை அணைப்பதே இல்லை. 72 வயது மாமியார் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர். செய்திச் சேனல் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். எனக்கு ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வருகிறது, உடனே கை போனுக்குப் போகிறது. எட்டு வயது மகள் "அப்பா மேல குண்டு விழுமா?" என்று கேட்கிறாள். நாத்தனாருக்கு வளைகாப்பு வைக்க வேண்டும். இந்த நேரத்தில் செய்யலாமா என்று வீட்டில் தர்க்கம். அரிசி, கேஸ் எல்லாம் வாங்கி அடுக்கி வைக்கவா? (பட்டுக்கோட்டை வாசகி)

பதில்: வளைகாப்பை நடத்துங்கள். மற்றதெல்லாம் பிறகு. உங்கள் கணவர் அங்கே காலையில் எழுந்து, பஸ் ஏறி, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். தன் தங்கையின் விசேஷம் தன்னை நினைத்து நின்றுபோனது என்று கேள்விப்பட்டால் அது அவர் தலையில் இன்னொரு சுமை. நாள் இன்னும் குறிக்கவில்லை என்றால் வெள்ளிக்கிழமையாகப் பாருங்கள். கத்தாரில் அன்று வார விடுமுறை. தோஹா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். ராகுகாலம் 10:30-க்குத்தான் தொடங்கும் என்பதால் 9:30-க்கு நலங்கு வைத்தால் அங்கே காலை 7 மணி. அவர் வீடியோவில் உட்கார்ந்து முழுக்கப் பார்க்கலாம்.

இனி அந்த இரண்டு மணி முழிப்பு. 2025 ஜூன் 23 இரவை நினைத்துப் பாருங்கள். தோஹாவுக்குத் தென்மேற்கே உள்ள, அமெரிக்கப் படை பயன்படுத்தும் அல் உதெய்த் விமானப்படைத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. நமக்கு அப்போது இரவு பத்து மணிவாக்கு. கத்தார் முன்கூட்டியே வான்வெளியை மூடியிருந்தது, பெரும்பாலான ஏவுகணைகள் வானிலேயே தடுக்கப்பட்டன, உயிரிழப்பு இல்லை. அன்றிரவே வான்வெளி மறுபடி திறந்தது, நமக்கு விடிவதற்குள் போர்நிறுத்த அறிவிப்பும் வந்துவிட்டது. அந்த இரவு முழுக்க டிவி முன் உட்கார்ந்தவர் பார்த்தது, வானில் ஒளிக்கீற்றுகள் பறக்கும் சில விநாடிக் காட்சியைத் திரும்பத் திரும்ப. தூங்கி எழுந்து காலை ஏழு மணிக்குச் செய்தி கேட்டவருக்கு, தளம் எது, சேதம் என்ன, விமானம் ஓடுகிறதா என்பது வரை எல்லாம் தெரிந்தது. எல்லா இரவும் அப்படி நல்லபடியாக முடியும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் முதல் சில மணி நேரத்தில் வரும் எண்ணிக்கையும் இடப்பெயரும் பெரும்பாலும் பிறகு திருத்தப்படுபவை. கண்விழித்திருப்பதால் கூடுதலாகத் தெரியப்போவது அநேகமாக எதுவும் இல்லை.

உடம்புக்கு ஆகும் கெடுதலோ உண்மையானது. 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு, கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்தார்கள். வெடிப்பை அடுத்த வாரத்தில் தினமும் ஆறு மணி நேரத்துக்கும் மேல் அந்தச் செய்தியிலேயே இருந்தவர்கள், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிக மனஅழுத்த அறிகுறிகளைச் சொன்னார்கள். உங்கள் வீட்டில் டிவி ஓடும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், ஆறு மணி நேரத்தைத் தாண்டும்.

செய்தியை அடியோடு விடச் சொல்லவில்லை. கணவர் அங்கே இருக்கும்போது அது நடக்காது. முயன்றால் இரண்டாம் நாளே இரண்டு மடங்காகப் பார்ப்பீர்கள். நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்குக் கால் மணி நேரம் என்று வையுங்கள். காலையில் பேப்பர் அல்லது வானொலிச் செய்தி, மாலை ஆறரைக்கு டிவி. பத்து நிமிடத்தில் முடிந்துவிடுவது வானொலியின் பெரிய நன்மை. டிவிச் செய்திக்கு முடிவே கிடையாது, அதனால்தான் அது உங்களை விடுவதில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் போர்ச் செய்தி வேண்டாம்.

போனில் செய்ய வேண்டியது கொஞ்சம் நுணுக்கமானது, இங்கேதான் பலர் தவறுகிறார்கள். போனைப் படுக்கையறைக்கு வெளியே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் சார்ஜில் போடுங்கள். நேரம் பார்க்க ஒரு சின்ன அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். நேரம் பார்க்கப் போனை எடுத்துத்தான் செய்திக்குள் போகிறோம். பிறகு போனின் அமைப்புகளில் "தொந்தரவு செய்ய வேண்டாம்" இருக்கும். இரவு 10 முதல் காலை 5:30 வரை தானாக இயங்கும்படி வைத்து, அழைப்புகளுக்கு நட்சத்திரமிட்ட தொடர்புகளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். கணவர் எண், அவர் அறைத்தோழர் எண், உங்கள் அப்பா அம்மா எண்: இவற்றுக்கு மட்டும் நட்சத்திரம். சிக்கல் என்னவென்றால், இந்த அனுமதி சாதாரண போன் அழைப்புக்குத்தான். வாட்ஸ்அப் அழைப்பைச் செயலி அறிவிப்பாகவே போன் கருதும், பல போன்களில் அது உள்ளே வராது. அதனால் "அவசரம் என்றால் சாதாரண காலில் இரண்டு முறை அடிங்க" என்று கணவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கால் மணி நேரத்துக்குள் ஒரே எண்ணிலிருந்து இரண்டாம் முறை வரும் அழைப்பை உள்ளே விடும் வசதி பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் உண்டு, அதையும் இயக்கிவையுங்கள். ஒருநாள் அவரையே கூப்பிடச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள். முக்கியமான அழைப்பு எப்படியும் வந்து சேரும் என்று மனசுக்கு உறுதியானால்தான் தூக்கம் வரும்.

வாட்ஸ்அப்பில் சேமிப்பகமும் தரவும் என்ற பகுதிக்குப் போய்ப் படம், வீடியோ தானாக இறங்குவதை மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் நிறுத்துங்கள். ஊர்க் குழு, உறவுக் குழுக்களை "எப்போதும்" என்று ஊமையாக்குங்கள். வெளியேற வேண்டாம், கேள்வி வரும். ஒரு வீடியோவின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது, எடுத்தவர் யாரென்று உங்களுக்கு அனுப்பியவருக்கே தெரியாது. ஆர்மா 3 என்ற வீடியோ கேமின் காட்சிகள் உக்ரைன் போர் என்றும் காஸா என்றும் பல ஆண்டுகளாகச் சுற்றுகின்றன. இரவு வானில் குண்டு பாயும் தெளிவான நீள வீடியோ வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

கணவருடன் பேசும் நேரத்தை நிலையாக வையுங்கள். ஷிப்ட் முடிந்து அங்கே மாலை 6:30 என்றால் இங்கே இரவு 9. இதைத் தவிர காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரே சொல், "நலம்". அது எழுத்தாக வரட்டும். நெரிசலான நேரத்தில் வீடியோ அழைப்பு விழாது, எழுத்துச் செய்தி நுழைந்துவிடும். குறித்த நேரத்தில் அழைப்பு வரவில்லை என்றால் இரண்டு மணி நேரம் பொறுங்கள். சார்ஜ் தீர்ந்திருக்கலாம், கூடுதல் வேலை இருந்திருக்கலாம், எல்லோரும் ஒரே நேரத்தில் ஊருக்கு அழைத்து லைன் அடைத்திருக்கலாம். பிறகு அறைத்தோழருக்கு, அதன்பின் கேம்ப் பொறுப்பாளருக்கு. அங்கும் பதில் இல்லாவிட்டால் தோஹா இந்தியத் தூதரகம், கூடவே நம் மாநில அரசின் அயலகத் தமிழர் நலத்துறை. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். பதற்றத்தில் போனில் தேடினால் கண்ணில் படாது.

ஒரு கவரில் அவருடைய பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்க நகல், கத்தார் அடையாள அட்டையின் இரு பக்கம், நிறுவனத்தின் பெயரும் எண்ணும், கேம்ப் முகவரி எல்லாம் இருக்கட்டும். ஈசிஆர் பிரிவு (வேலைக்குப் போகுமுன் அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட்டில் போயிருந்தால் பிரவாசி பாரதீய பீமா யோஜனா காப்பீடு கட்டாயமாக எடுத்திருப்பார்கள். அந்த பாலிசி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பல வீடுகளில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவரிடம் கேட்கக்கூடாத இரண்டு உண்டு. "அங்க என்ன நடக்குது, வீடியோ எடுத்து அனுப்புங்க" என்பது ஒன்று. ஏவுகணையையோ ராணுவ இடத்தையோ படம்பிடித்துப் பகிர்வது வளைகுடா நாடுகளில் வழக்கில் கொண்டுபோய் விடும். "வேலையை விட்டுட்டு வந்துடுங்க" என்று தினமும் அழுவது இன்னொன்று. திரும்புவதா என்பது தூதரக அறிவிப்பையும் நிறுவனத்தின் முடிவையும் வைத்து இருவரும் ஒருமுறை நிதானமாகப் பேசித் தீர்மானிக்க வேண்டியது.

மகளுக்கு "ஒண்ணும் ஆகாது, போய் விளையாடு" என்று சொல்லாதீர்கள். டிவி வேறு சொல்கிறது என்று அவளுக்குத் தெரியும். அடுத்த முறை உங்களிடம் கேட்க மாட்டாள். முதலில் "நீ என்ன கேள்விப்பட்டே?" என்று கேளுங்கள். பள்ளியில் யாரோ தோஹாவே எரிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பிறகு உண்மையைச் சிறிதாகச் சொல்லுங்கள்: "சண்டை நடக்குது. அப்பா தங்கியிருக்கிற இடம் வேற. ஆபத்து வந்தா எங்க போகணும்னு அவங்க கம்பெனி சொல்லிக் கொடுத்திருக்கு. இன்னைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பா பேசுவாரு." நிறுவனம் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறதா என்று முதலில் கணவரிடம் உறுதிசெய்துகொண்டே இதைச் சொல்லுங்கள்; இல்லையென்றால் அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். உலக வரைபடத்தில் தோஹாவை அவளையே தேடச் சொல்லலாம். அந்த வயதுக்கும் கீழான பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் தேவை: ஒரே கட்டடம் பத்து முறை விழுவதைக் காட்டினால், பத்துக் கட்டடம் விழுந்ததாகவே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம் எதுவும் நிற்க வேண்டாம்.

மாமியாரிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்கினால் சண்டைதான் வரும். மகனைக் காவல் காப்பதாக நினைத்துத்தான் அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பதிலாக ஒரு பொறுப்பைக் கையில் கொடுங்கள்: காலையில் வரும் "நலம்" செய்தியை முதலில் அவரே பார்க்கட்டும், இரவு ஒன்பது மணி அழைப்பை அவரே எடுக்கட்டும். வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் எத்தனை டஜன், எந்தச் சாதம் ஐந்து வகை என்ற கணக்கையும் அவரிடமே விடுங்கள்.

பதுக்கல் பற்றி. அரிசிக்கும் இந்தப் போருக்கும் தொடர்பு இல்லை. மூட்டை மூட்டையாக வாங்கினால் வண்டுதான் வரும். கேஸ் வேறு கதை. இந்தியாவின் எல்பிஜி தேவையில் ஏறக்குறைய 60 சதவீதம் இறக்குமதி, அதில் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து ஹோர்முஸ் நீரிணை வழியாக வருகிறது. அங்கே தடை ஏற்பட்டால் நம் அடுப்பில் தெரியும். ஒரு சிலிண்டர்தான் இருக்கிறது என்றால் ஏஜென்சியில் இரண்டாவது சிலிண்டருக்கு விண்ணப்பியுங்கள். ஒன்று தீர்ந்த அன்றே பதிவு செய்யுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு மாற்றாக இருக்கலாம். ஆனால் 2000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஃபேன் மாட்டும் சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் உருகும். 16 ஆம்பியர் பிளக் வேண்டும், அடி தட்டையான இரும்பு அல்லது இண்டக்‌ஷனுக்கு ஏற்ற ஸ்டீல் பாத்திரம் வேண்டும், வெறும் அலுமினியம் சூடேறாது. பெட்ரோலைக் கேனில் வாங்கி வீட்டில் வைக்கவே வேண்டாம். சமையல் எண்ணெய்க்கு 2022 ஒரு பாடம்: உக்ரைன் போரில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது, ஏனென்றால் நாம் அதைப் பெரும்பாலும் உக்ரைனிலும் ரஷ்யாவிலும் வாங்கிக்கொண்டிருந்தோம். அப்படி ஏறினால் கடலை எண்ணெய், நல்லெண்ணெய்க்கு மாறிக்கொள்ளலாம். உண்மையில் சேர்க்க வேண்டியது பணம். சம்பளம் ஒருமுறை தாமதமானாலும் சமாளிக்க மூன்று மாதச் செலவு, குழுக் கடன் தவணை உட்பட, உங்கள் பெயரில் உள்ள கணக்கில் இருக்கட்டும். பயத்தில் நகை வாங்கவும் வேண்டாம், அடகு வைக்கவும் வேண்டாம்.

இவ்வளவு செய்தும் இரவில் முழிப்பு வந்தால் இருபது நிமிடத்துக்கு மேல் புரண்டு படுக்காதீர்கள். எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். காபி, டீ வேண்டாம். தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாப்பாடு இறங்காமல் போனாலோ, நெஞ்சு படபடத்துக் கை நடுங்கினாலோ 14416-க்குப் பேசுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மாமியாரை இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் பிரஷர் பார்த்துவிடுங்கள். டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தால் மாத்திரை விட்டுப்போகலாம். மாத்திரைப் பட்டையை எடுத்து மீதியை எண்ணிப் பாருங்கள்.