ரெண்டு பெட்டி போதுமா, அஞ்சு பெட்டி வேணுமா?

கேள்வி: கையில் 35,000 ரூபாய் இருக்கிறது. பாட்டு கேட்க மட்டும்தான். படத்துக்கு டிவி ஸ்பீக்கரே போதும். கடையில் கேட்டால், "ஸ்டீரியோ எல்லாம் அந்தக் காலம் சார், இப்போ எல்லாரும் 5.1தான்" என்கிறார்கள். எதை வாங்கட்டும் அண்ணாச்சி?
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: பாட்டு மட்டும்தான் என்றால் ரெண்டு பெட்டி. 5.1 என்பது சுற்றிலும் அஞ்சு ஸ்பீக்கர் பெட்டி, அடிச்சத்தத்துக்கென்று தனியாக ஒரு சப்வூஃபர் பெட்டி. யோசிக்கவே வேண்டாம்.

நீங்கள் கேட்கிற பாட்டு பதிவாகியிருப்பதே இடது, வலது என்று இரண்டு தடத்தில்தான். 1982-ல் விற்பனைக்கு வந்த சி.டி.யிலும் அதுதான், இன்று போனில் ஓடுகிற பாட்டில் பெரும்பாலானதும் அதுதான். அதை அஞ்சு பெட்டியில் ஓடவிட்டால், பின்னால் இருக்கிற பெட்டிக்கென்று பாட்டில் தனியாக எதுவும் கிடையாது. ஆம்ப்ளிஃபயரே ஒரு கணக்குப் போட்டு, இரண்டு தடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிரித்துப் பின்னால் தள்ளும். இசையமைப்பாளர் முன்னால் உட்கார வைத்த வயலின்காரரை இந்தப் பெட்டி எழுப்பி உங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்தும். படத்துக்குக் கதை வேறு. அதற்கு 5.1 தடங்களைத் தனித்தனியாகவே கலந்து தருகிறார்கள்.

பணத்தையும் பாருங்கள். ரெண்டு பெட்டி என்றால், ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு பங்கு போனாலும் பெட்டி ஒன்றுக்குப் பத்தாயிரம் நிற்கும். அதே காசில் ஆம்ப்ளிஃபயர், அஞ்சு பெட்டி, சப்வூஃபர் எல்லாம் வர வேண்டுமென்றால் பெட்டிக்கு மூவாயிரம், நாலாயிரம்தான் தேறும். அந்த விலையில் குரல் குரலாக வராது.

ரெண்டு பெட்டிக்கும் நடுவே ஆறேழு அடி விடுங்கள். நீங்கள் உட்காரும் நாற்காலியும் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் அதே தூரத்தில் இருக்கட்டும். பெட்டியில் மேல் ஸ்தாயிச் சத்தம் தருகிற சின்ன வட்டம், அதாவது ட்வீட்டர், காது உயரத்துக்கு வர வேண்டும், பின்சுவரில் ஒட்ட வைக்கக் கூடாது. சரியாக அமைந்தால் பாடகர் நடுவில், பெட்டியே இல்லாத இடத்தில் நின்று பாடுவார்.

கடைக்காரர் 5.1-ஐக் காட்டும்போது பாட்டா போட்டார், ஹெலிகாப்டர் பறக்கிற சீனா? நிச்சயமாக ஹெலிகாப்டர்தான். அந்த ஹெலிகாப்டரை நம்பி நான் வாங்கிய பின்பெட்டிகள் வீட்டு மச்சில் ஒயரோடு சுருண்டு கிடக்கின்றன. வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஸ்டீரியோ செட் வாங்கி, ஒரு பெட்டியைப் பட்டாசலிலும் இன்னொன்றை அடுக்களையிலும் வைத்தேன். எனக்குக் கேட்கிற வயலின் வீட்டுக்காரிக்குக் கேட்கவில்லையாம். செட்டில் கோளாறா?
– சேரன்மகாதேவி வாசகர்

பதில்: செட்டில் இல்லை. ஒரு பெட்டியில் இடது தடம், இன்னொன்றில் வலது தடம், வயலின் உங்கள் பக்கத்துத் தடத்தில் இருக்கிறது. ரெண்டையும் ஒரே அறைக்குக் கொண்டு வாருங்கள். முடியாது என்றால் போன் செட்டிங்ஸில், அக்சஸிபிலிட்டியில், 'மோனோ ஆடியோ' என்று இருக்கும். ரெண்டு தடத்தையும் ஒன்றாகக் கலந்துவிடுவதுதான் மோனோ. அதை ஆன் செய்துவிட்டால் ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டு.

கேள்வி: 12,000 வாட்ஸ் என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பி டவர் ஸ்பீக்கர் வாங்கினேன். பாதி சத்தம் வைத்தாலே கிழிகிறது. சொந்தக்காரர் வைத்திருக்கும் 50 வாட்ஸ் செட் இதைவிடச் சத்தமாகவும் சுத்தமாகவும் பாடுகிறது. எப்படி?
– அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: இந்தக் கடிதத்துக்குத்தான் காத்திருந்தேன்.

செட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கரண்ட் ஒயர் நுழைகிற இடத்துப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே அது இழுக்கிற வாட்ஸ். உங்களுடையதில் 60-ஓ 80-ஓ இருக்கும். எண்பது வாட்ஸ் உள்ளே போய்ப் பன்னிரண்டாயிரம் வெளியே வருமா? நிஜமாகவே 12,000 வாட்ஸ் என்றால் 230 வோல்ட்டில் 52 ஆம்பியர் இழுக்க வேண்டும். நீங்கள் பிளக்கைச் செருகுகிற பாயிண்ட் 6 ஆம்பியர். பாட்டு தொடங்குமுன் வீடே இருட்டாகிவிடும். ஒன்றரை டன் ஏ.சி. எட்டை ஒன்றாகப் போட்ட மாதிரி.

அட்டையில் வாட்ஸுக்குப் பக்கத்தில் பி.எம்.பி.ஓ. என்று பொடியாக நாலெழுத்து இருந்திருக்கும். கண் சிமிட்டுகிற நேரத்துக்குக் கற்பனையாகப் போட்ட கணக்கு அது. இப்படித்தான் அளக்க வேண்டும் என்று பொதுவான அளவுகோல் எதுவும் அதற்குக் கிடையாது. கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ். நின்று நிதானமாகத் தொடர்ந்து தரக்கூடிய சக்தி அதுதான். அதையும் பெரிதாக நினைக்க வேண்டாம். காதுக்கு ரெட்டிப்புச் சத்தமாகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். நம் வீட்டு அறையில் சாதாரணமாகப் பாட்டு கேட்கும்போது ஒன்றிரண்டு வாட்ஸ்தான் செலவாகிறது. கோயில் கொடைக்குப் பெட்டி அடுக்குகிறவருக்குத்தான் ஆயிரக்கணக்கில் வேண்டும்.

பொருளைக் கையில் வாங்கியும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காததற்கு உங்களைக் கொஞ்சம் கோபித்துக்கொள்கிறேன். அட்டையில் பூஜ்யம் அடுக்கியவனை நிறையவே.

கேள்வி: மொசைக் தரை, கான்கிரீட் கூரை. பாட்டு போட்டால் எதிரொலிக்கிறது. சுவரில் பத்தமடைப் பாய் மாட்டினால் சரியாகுமா?
– நெல்லை டவுன் வாசகி

பதில்: பார்வைக்கு அழகாக இருக்கும் தங்கச்சி. எதிரொலி அசையாது. மெல்லிசான கோரை, மிஞ்சினால் மேல் ஸ்தாயிச் சத்தத்தில் துளி குறைக்கும். கனமான திரைச்சீலை, தரையில் தடி ஜமக்காளம், புத்தகம் நிறைந்த அலமாரி, இலவம்பஞ்சு மெத்தை போட்ட கட்டில், இவைதான் சத்தத்தை உறிஞ்சும். முதலில் ஜமக்காளத்தை விரித்துப் பாருங்கள். செலவில்லை.

கேள்வி: உள்ளூர் மெக்கானிக் அசெம்பிள் செய்து தந்த ஸ்டீரியோ. தனித்தனியாகக் கேட்டால் ரெண்டு பெட்டியும் நன்றாக இருக்கிறது. சேர்த்துப் போட்டால் பாஸ், அதாவது அடிச்சத்தம், காணாமல் போகிறது. சப்வூஃபர் வாங்கச் சொல்கிறார்.
– களக்காடு வாசகர்

பதில்: வாங்காதீர்கள். ஒரு பெட்டியின் ஒயர் மாறிக் கிடக்கிறது. ஒன்றின் கோன் (சத்தம் எழுப்ப அதிர்கிற கூம்பு) முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகிறது, பாஸ் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. செட்டை அணைத்துவிட்டு, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு இருக்கிறதா என்று நாலு முனையையும் பாருங்கள். நிறம் சரியாகவே இருந்தால் பெட்டிக்குள்ளேயே மாற்றி வைத்திருப்பார். ஒரே ஒரு பெட்டியில் மட்டும் ரெண்டு ஒயரையும் இடம் மாற்றிப் போடுங்கள். 1960-களின் பாட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள், அந்தக் காலத்துப் படப்பாட்டு பெரும்பாலும் மோனோ. குரல் நடுவில் வந்து நின்றால் சரி.

கேள்வி: பீடி சுற்றிச் சேர்த்த பணத்தில் மகனுக்கு 9,500 ரூபாய்க்கு ஹோம் தியேட்டர் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் போர்டு போய்விட்டது. "போர்டுக்கு கியாரண்டி கிடையாது, விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று விரட்டுகிறார்கள். துண்டுச் சீட்டுதான் தந்தார்கள், பில் இல்லை. போன் வழியாகத்தான் பணம் கட்டினேன்.
– மேலப்பாளையம் வாசகி

பதில்: நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை அம்மா. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ள மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, நாளைக்கே போங்கள்.

துண்டுச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பணம் போன விவரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் அசையவில்லை என்றால் நம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். உங்கள் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. மனு எழுத ஆள் இல்லை என்றால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், நான் எழுதித் தருகிறேன்.

கேள்வி: ஏற்கெனவே 5.1 வாங்கிவிட்டேன். பாட்டுக்காக விற்றுவிடவா?
– வள்ளியூர் வாசகர்

பதில்: வேண்டாம். ரிமோட்டில் 'ஸ்டீரியோ' பட்டன் இருக்கும், அழுத்துங்கள்.

கேள்வி: துபாயில் இருக்கும் மகன், இனிமேல் பாட்டெல்லாம் அட்மாஸ்தான் என்கிறான். நிஜமா?
– நாங்குநேரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: பாதி நிஜம் சார். ஆப்பிள் மியூசிக்கில் 2021-லிருந்தே அட்மாஸ் பாட்டு வருகிறது. அதற்கென்றே கலந்த பாட்டு என்றால் சுற்றிலும் பெட்டி வைப்பதில் அர்த்தம் உண்டு. ஆனால் கூரையிலிருந்தும் சத்தம் வர வேண்டும் என்று கேட்கிற சமாச்சாரம் அது, ஓட்டு வீடு என்றால் எங்கே மாட்டுவீர்கள்? மகன் ஊருக்கு வரும்போது நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள், அதில் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.